குதிகாலும் கோவிந்த நாமமும்

"அந்த நாற்காலியைச் சித்த விடறேளா?"

பத்மஜா கேட்டாள். கேட்டாள் என்பதைவிட உத்தரவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீவராகத்துப் பஜனை மடத்தில் சப்தாஹத்தின் முதல் நாள். ஏழு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை புராணம் வாசிப்பு. மேடையில் ஆசாரியர் மைக் முன்னால் கிரந்தத்தைப் பிரித்து வைத்திருந்தார். கூடம் நிறைய ஜனம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. கடைசித் தூணருகே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓர் ஆள்... முப்பத்தெட்டு வயது இருக்கும். நல்ல ஆரோக்கியமான உடம்பு.

நாற்காலியில் உட்கார்ந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலை ஆட்டிக்கொண்டிருந்தான்!

குதிகாலைத் தூக்குவதும் இறக்குவதும்... முன்பாதத்தைத் தூக்குவதும் இறக்குவதும்... கிரந்தத்துக்கு முன்னால்! உட்கார்ந்த இடத்தில் காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சின்ன வயதில் தொடையில் தட்டு வாங்கி வளர்ந்தவள் பத்மஜா. எப்படிப் பொறுப்பாள்?

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் கண்கள்... மழை பெய்து ஓய்ந்த குளம் மாதிரி இருந்தன. ஒரு நிமிஷம் அவளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.

"லலிதாம்பாள் மாமிக்கு முட்டு வலி. கீழ உக்கார முடியாது. நீங்க சின்ன வயசுதானே..."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொல்லாமல் எழுந்துவிட்டான்.

"ஆகட்டும் மாமி."

மாமி!

சுரீரென்றது அவளுக்கு. முப்பத்தைந்து வயதுதான். தலையில் ஒரு நரை... சரி, இரண்டு. அதற்காக மாமியா? அவன் வெளி வராந்தாவுக்குப் போய், தூணுக்குத் தூண் நடக்க ஆரம்பித்தான். ஆசாரியர் கதை சொல்லச் சொல்ல இவன் உலாத்திக்கொண்டே இருந்தான். 'கேட்க இஷ்டமில்லாதவன் ஏன் வரணும்?' என்று மனசுக்குள் பொருமினாள்.

பொருமுவதற்காவது ஓர் ஆள் கிடைத்தது என்றும் சொல்லலாம். அம்மா போனதிலிருந்து அந்தத் தெருவின் கோடி வீட்டில் அவள் ஒருத்திதான். கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் விளக்கேற்றத்தான் எழுந்திருப்பாள். யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. சில நாள் சாயங்காலம் "தீபஜோதி பரப்ரஹ்மம்" என்று வாய்விட்டுச் சொல்லும்போதுதான், இன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை இது என்று உறைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அதுவும் முடியப்போகிறது. பெங்களூரிலிருந்து அண்ணா கல்யாணராமன் காரோடு வருகிறான். வீட்டைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துப்போக.

"உன் மன்னி ஜெயலக்ஷ்மிக்கும் ஒத்தாசையா இருக்கும் பத்மா. அங்கே உனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு?" என்று கேட்டிருந்தான்.

யோசித்துப் பார்த்தாள். பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் குழந்தைகளுக்கு டிபன் கட்டிக்கொடுத்து, ஹாலில் எல்லோரும் தூங்கிய பிறகு பாய் விரிக்கும் வாழ்க்கை... அண்ணா நல்லவன்தான். மன்னியும் நல்லவள்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம், ஒரே ஒரு காரணம், இந்த ஊர் அவளுக்குத் தரக்கூடாதா? அதனால்தான் லீவு போட்டுவிட்டு, கடைசி வாரத்தைப் பகவான் சந்நிதியில் தண்ணீர் கொடுத்தும் பாய் விரித்தும் கழிக்க வந்திருந்தாள்.

மறுநாளும் அவன் வந்தான். நாற்காலியில் லலிதாம்பாள் மாமி. சப்தாஹத்தை நடத்துவதே மாமிதான், யார் எழுப்ப முடியும்? அவன் வராந்தாவுக்குப் போகத் திரும்பினான்.

"உள்ள இடம் இருக்கே... எல்லாரையும் மாதிரி கீழ உக்காரலாமே" என்றாள் பத்மஜா.

உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வலது காலை நீட்டினான்.

"ஐயோ! கிரந்தம் இருக்கற பக்கமா காலை நீட்டறேளே!"

மடக்கிக்கொண்டான். மத்தியானம் முழுக்க மடக்கியே வைத்திருந்தான். திருத்திவிட்டோம் என்று அவளுக்கு ஒரு திருப்தி. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அதற்குக் கண் பார்வை கொஞ்சம் குறைவு.

சாயங்காலம் ஐப்பசியாகிய துலாமாதத்து இடியும் மழையும் சேர்ந்து இறங்கின. கூடம் காலியானது. அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. தூணைப் பிடித்து எழப்பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. பாய் சுருட்ட வந்தவள் பார்த்தாள்... வேஷ்டி ஓரத்துக்குக் கீழே அவனுடைய கணுக்கால் பணியாரம் போல உப்பியிருந்தது.

"என்னாச்சு?"

"சாரமில்லை, பரவாயில்லை. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"என்ன சாரமில்லை? இப்படி வீங்கியிருக்கு!"

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்களில் இன்னும் சோர்வு தெரிந்தது.

"போன வருஷம் ஆபீஸ்ல ஒரு டிராயிங் முடிக்கணும்னு உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்காம வேலை பார்த்தேன். சோறுகூட டேபிள்ல. கால்ல ரத்தம் கட்டிப்போச்சு. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடுத்து. ஐ.சி.யூ.ல கண்ணைத் திறந்தப்போ டாக்டர் சொன்னது ஒண்ணுதான். ரொம்ப நேரம் உக்காராதேங்கோ, உக்காந்தா பாதத்தை அசைச்சுண்டே இருங்கோ..."

பத்மஜாவின் கையிலிருந்த பாய் நழுவியது. நாற்காலியைப் பிடுங்கியது அவள்தான். கீழே உட்கார வைத்தது அவள்தான். நீட்டிய காலை மடக்க வைத்ததும்...

"அப்போ அது காலாட்டறது இல்லையா..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன் மெதுவாக. குரலில் ஒரு துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

பெயர் கைலாஷ் என்றான். மடத்துக்கு இரண்டு வீடு தள்ளி மாடியில் வாடகைக்கு வந்து சில மாதம் ஆகிறதாம். ஒரே தெருவில் இத்தனை நாள் இருந்தும் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ஜன்னலைத் திறந்தால்தானே?

மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீவராகத்துத் தெரு ஒரு காட்சி கண்டது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சக்கரம் வைத்த தன் ஆபீஸ் நாற்காலியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு வந்தாள் பத்மஜா. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தூணருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள்.

கைலாஷ் நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இது ஓடிப்போயிடாதே?"

"பிரேக் இருக்கு. உக்காருங்கோ."

"தேங்க்ஸ் மாமி."

"இன்னொரு தரம் மாமின்னா நாற்காலி திரும்பிப் போயிடும், கேட்டேளா!"

"பின்னே என்னன்னு கூப்பிடணும்?"

"பத்மஜா."

சொல்லும்போது ஏனோ முகம் சூடாயிற்று. தன் பெயரை ஒருவருக்குச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று...

அன்றைக்கு அவள் தூணின் இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ஆசாரியர் குரல் கொடுக்க, கூடம் முழுவதும் "கோவிந்தா... கோவிந்தா" என்று சொல்லும். அந்த நாமத்துக்குச் சரியாகக் கைலாஷ் இரண்டு குதிகாலையும் உயர்த்தினான், இறக்கினான். அடுத்த கோவிந்தாவுக்கு முன்பாதம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பகவான் நாமத்துக்குத் தாளமா?"

"ஞாபகம் வெச்சுக்க வேற வழி இல்லை. கதையில மனசு போயிட்டா கால் மறந்துடும். கோவிந்தா சொன்னா கால் தானா எழுந்துக்கும். ஆடுசதைன்னு பேர் வெச்சிருக்கா பாருங்கோ... அதை ஆட விடாம வெச்சிருந்தது என் தப்பு."

"வாய் மட்டும் நன்னா ஆடறது உங்களுக்கு."

"அதுக்கு டாக்டர் தடை சொல்லலை."

அவள் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வதை அவன் கவனித்திருந்தான். அடுத்த இடைவேளையில் கேட்டான்.

"கழுத்து வலிக்கறதா?"

"நாள் பூரா கம்ப்யூட்டர். கையும் மரத்துப்போகும். பழகிப்போச்சு."

"பழகக்கூடாது, பத்மஜா. தோளைக் காதுகிட்ட தூக்குங்கோ... ம்... இப்போ பின்பக்கமா ஒரு சுத்து. மெதுவா. இப்போ விரலை நன்னா விரிச்சு, மூடுங்கோ. வலிச்சா நிறுத்திடணும். இவ்வளவுதான். மதி, போறும்."

செய்தாள். தோளில் எங்கோ பூட்டிக்கிடந்தது ஒன்று மெல்ல இளகியது. கண் கலங்கியது. தோளுக்காக இல்லை... வலிக்கிறதா என்று ஒருவர் கேட்டாரே, அதற்காக.

"நீங்க ஏன் இங்க வரேள்? இவ்வளவு நேரம் உக்கார்றது கஷ்டம்தானே?"

அவன் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

"ரூம்லயும் உக்காந்துண்டுதான் இருக்கேன். அங்கே நான் மட்டும். இங்கே எல்லாரோடயும் உக்காரலாமேன்னு..."

பத்மஜா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பதில் அவளுடையது. அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போனவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். மழைச்சாரல் உள்ளே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். பெங்களூருக்கு எடுத்து வைத்திருந்த பெட்டி மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அன்றைக்கு அதில் ஒரு புடவைகூட மடித்து வைக்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள்தான் அந்தத் தப்பு நடந்தது.

"யாருடி அந்தப் பிள்ளை? உன் நாற்காலியில ராஜா மாதிரி உக்காந்துண்டு?" என்று லலிதாம்பாள் மாமி கேட்டாள். கேள்வியில் ஒரு குத்தல் இருந்தது. கைலாஷை யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாதே என்ற பதைப்பில் பத்மஜா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆபீஸ், ரத்தக்கட்டு, ஐ.சி.யூ... எல்லாம். மாமியின் கண்ணில் பொலபொலவென்று நீர். மாமிக்கு மனசு தங்கம். ஆனால் அந்தத் தங்கத்தின் கையில் மைக்கும் இருந்தது.

மத்தியான அத்தியாயம் முடிந்ததும் மாமி மேடை ஏறினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கணும். தூணுக்குப் பக்கத்துல இருக்கானே, நம்ம கைலாஷ்... அந்தக் குழந்தைக்குக் கால்ல ரத்தம் கட்டி, நெஞ்சு வரைக்கும் போய், உயிர் போய்த் திரும்பி வந்திருக்கு. இன்னும் கல்யாணம்கூட ஆகலை. அவனோட வலது காலுக்காக எல்லாரும் சேர்ந்து வராகமூர்த்தியைப் பிரார்த்திப்போம்!"

ஒலிபெருக்கி தெரு முழுவதும் சொன்னது. கூடத்தில் அத்தனை தலையும் திரும்பின. அத்தனை பேரும் அவன் காலைப் பார்த்தார்கள். "பாவம்..." "அச்சோ, பாவமே..." என்று முணுமுணுப்பு. யாரோ ஒருவர் அவன் பாதத்தருகே விபூதிப் பொட்டலத்தை வைத்தார்.

கைலாஷ் எழுந்தான். மேடையை நோக்கிக் கை கூப்பினான். வெளியே இறங்கி மழையில் நடந்தான்.

"நில்லுங்கோ... கைலாஷ்!" பத்மஜா ஓடினாள். குடை இல்லை. அவன் மாடிப்படியருகேதான் பிடிக்க முடிந்தது.

"மாமி நல்ல எண்ணத்துலதான்..."

"தெரியும். உங்களோட எண்ணமும் நல்லதுதான்." மழை அவன் முகத்தில் வழிந்தது. "எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது, பத்மஜா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் பொண்ணாத்துல வேண்டாம்னு சொல்லிட்டா. கால்ல வந்தது நாளைக்கு மறுபடி வராதுன்னு என்ன நிச்சயம்னு. தப்பு சொல்ல முடியாது. நான் இருந்த வலியசாலையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வழியில பாக்கறவா முகத்தைப் பார்க்காம காலைப் பார்த்தா. அதனாலதான் இங்கே வந்தேன். இந்தத் தெருவுல யாருக்கும் ஒண்ணும் தெரியாம, நானும் ஒரு மனுஷனா உக்காந்திருந்தேன்..."

"கைலாஷ்..."

"இனிமே நான் கைலாஷ் இல்லை. ஒரு வலது கால்."

போய்விட்டான். மாடிப்படியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டது.

ஐந்தாம் நாள் அவன் வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. பத்மஜா தூணருகே உட்கார்ந்திருந்தாள். கோவிந்தா... கோவிந்தா... சுற்றிலும் எத்தனை குரல்கள்! ஆனாலும் வீட்டில் தனியாக விளக்கேற்றும்போது இருக்கும் அமைதியே அவள் காதுக்குள் இருந்தது. இதுவரை பட்டது வெறும் தனிமை. இப்போது ஒருவர் இல்லாத தனிமை. அது வேறு கனம்.

இரண்டு தரம் அவன் வீட்டு மாடிப்படிவரை போனாள். மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை போதும். ஆனால் கதவுக்கு முன்னால் நின்று ரகசியமாகக் கேட்கிற மன்னிப்பு எதற்கு ஆகும்? ஊர் கேட்கச் சொன்ன விஷயம் அல்லவா?

"நாளைக்குச் சாயங்காலத்துக்கு வந்துடுவேன். பெட்டியெல்லாம் ரெடியா?" என்று போனில் அண்ணா.

"ம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. பத்மஜா எழுந்தாள். நாலு பேர் நடுவில் இதுவரை வாய் திறந்து பேசியதில்லை. நேரே மேடைக்குப் போய், ஆசாரியரை நமஸ்கரித்து, மைக்கைப் பிடித்தாள்.

"ஒருத்தர் என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியில சொல்லிட்டேன். அது தப்பு. அவர்கிட்டயும், உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "நாம அவருக்காகப் பிரார்த்தனை பண்ணினோம். ஆனா அவர் நமக்காக ஒண்ணு வெச்சிருந்தார். எனக்குக் கழுத்து வலி ரொம்ப நாளா. யார்கிட்டயும் சொன்னதில்லை. அவர் சொல்லிக்கொடுத்து இப்போ குறைஞ்சிருக்கு. நாமளும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்தே இருக்கோம். பாதி பேருக்கு எழுந்திருக்கறச்சே கால் மரத்துப்போறது... இல்லையா? இனிமே அத்தியாயம் முடிஞ்சு கோவிந்தா சொல்றச்சே, எல்லாரும் காலை மடக்காம வெச்சுண்டு பாதத்தை அசைக்கலாமே. தோளை மெதுவா ஒரு சுத்து சுத்தலாமே. பகவான் கொடுத்த உடம்புதானே... கோச்சுக்க மாட்டார்."

யாரும் அசையவில்லை. பத்மஜாவுக்கு உயிரே போய்விட்டது.

"காலை நீட்டலாமோ, கிரந்தத்துக்கு முன்னால?" என்று ஒரு குரல் எழுந்தது.

ஆசாரியர் கனைத்தார். "நானே எப்போடா கேப்பான்னு இருந்தேன். எனக்குக் கால் மரத்துப்போய் ரெண்டு அத்தியாயம் ஆச்சு" என்றார்.

கூடம் சிரித்துவிட்டது. "சொல்லுங்கோடி... கோவிந்தா!" என்று லலிதாம்பாள் மாமி முதல் ஆளாகக் குதிகாலைத் தூக்கினாள். கோவிந்தா! பட்டுப்புடவை ஓரங்கள் அசைந்தன. கோவிந்தா! வேஷ்டிகளுக்குக் கீழே பாதங்கள் எழுந்தன, இறங்கின. ஆசாரியர் பலகையில் உட்கார்ந்தபடியே தோளைச் சுழற்றினார். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தபடி விரல்களை விரித்து மூடினார்கள்.

பத்மஜா வாசலைப் பார்த்தாள்.

கைலாஷ் நின்றிருந்தான். ஒலிபெருக்கி அவன் மாடி அறைவரை போயிருக்கிறது. தலை நனைந்திருந்தது. உள்ளே வந்து ஓரமாக நின்று, எல்லோரோடும் குதிகாலை உயர்த்தினான், இறக்கினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மங்களம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறலாக மாறியிருந்தது. கோயில் குளத்தைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். நடப்பது காலுக்கு நல்லதுதானே என்று ஒரு சாக்கு.

"கோபம் போச்சா?" என்றாள்.

"உங்க மேல இல்லை பத்மஜா. உங்களுக்கு முன்னால நான் சின்னவனா போயிட்டேனேன்னு... அதுதான்." அவன் குளத்தைப் பார்த்தபடி சொன்னான். "பெங்களூர் போறேளாமே. மாமி சொன்னா."

"அண்ணா வந்துண்டிருக்கான்."

"ஓ..."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். நீரில் தூறல் ஆயிரம் வட்டம் போட்டது. 'கேட்க மாட்டானா... ஒரே ஒரு தடவை, போகாதேன்னு...' என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"டாக்டர் சத்தியம் பண்ணிக் கொடுக்கலை" என்றான் திடீரென்று. "மறுபடி வராதுன்னு."

"எனக்கு ஒண்ணும் வராதுன்னு யார் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கா?"

அவன் நின்றான். அந்தக் கண்கள் அவள் கண்களைத் தேடின. ஏதோ சொல்ல உதடு அசைந்தது... அதற்குள் அவள் கைப்பேசி அலறியது. அண்ணா.

"பத்மா! ஆத்து வாசல்ல நிக்கறேன். பூட்டியிருக்கே! மழையில தனியா எங்கே சுத்தறே?"

"தனியா இல்லைண்ணா... ஒருத்தர் கூட இருக்கார்."

"யாரு?"

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தோழரா? தெருக்காரரா? தவிப்போடு கைலாஷைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தான். முகம் சிவந்து, காது மடல்வரை ஏறியிருந்தது.

"நமஸ்காரம். நான் கைலாஷ். இந்தத் தெருவுலதான் இருக்கேன். உங்க தங்கையை..." இருமினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். "உங்க தங்கையைப் பெங்களூருக்கு அனுப்ப எனக்கு மனசில்லை."

கல்யாணராமனின் குரல், பத்மஜாவுக்குக்கூடக் கேட்கும்படி உரக்க வந்தது.

"அதைச் சொல்ல நீங்க யாரு சார்?"

கைலாஷ் திணறினான். "அது... அதைத்தான்... உங்க தங்கைகிட்ட நான் இன்னும் கேக்கவே இல்லை..."

பத்மஜா ஓரடி நெருங்கி வந்தாள். அவன் காதோரம் இருந்த கைப்பேசியின் பக்கம் முகத்தைச் சாய்த்தாள். மழையில் நனைந்த அவள் குரலில் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒரு குறும்பு இருந்தது.

"இப்போ கேட்டாச்சுண்ணா... நானும் சரின்னுட்டேன்."